கல் ஐந்திலிருந்து செங்குத்தாக ஒரு சந்து

வரதனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு தடவை யோசிப்பார்கள். சாப்பாட்டைக் குறை சொல்கிற ஆள் இல்லை, போதையில் வந்து கலாட்டா செய்கிற ஆளும் இல்லை. மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பார், பெண்ணை ஆசீர்வதிப்பார், பிறகு பின்னால் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து, "ரைட் சைடு ரெண்டு வெரக்கட எறங்கிக்கீது" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவார். வீடியோக்காரர் முதல் தாய்மாமன் வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். அதற்கப்புறம் அந்தக் கல்யாணத்தில் யாராலும் வேறெதையும் பார்க்க முடியாது.

பெரம்பூர் ரயில்வே பணிமனையில் முப்பத்து நாலு வருஷமாக ஃபிட்டர். பெட்டியின் கதவுச் சட்டம் கால் இழை விலகினாலும் அதை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில், செங்கோணம் பார்க்கிற நாலங்குல இரும்பு மூலைமட்டம் ஒன்று வைத்திருப்பார். அதனால் திருவொற்றியூர் கிடங்குத் தெருவில் அவருக்கு மூலமட்டம் என்றுதான் பேர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கோணலாக எதையாவது பார்த்துவிட்டுச் சும்மா போவது, தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்பது போலத்தான் அவருக்கு.

பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் அவரோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆப்பக்கடை வைத்துப் பிழைக்கிறவள். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று ஓட்டு வீட்டை மச்சு வீடாக்கினாள். கிரகப்பிரவேசத்தன்று வரதனையும் அவர் மனைவி பூமாரியையும் முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினாள். வரதன் நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து வாசல் நிலையை ஒரு தடவு தடவினார்.

"நெலவு அரை இஞ்சி சாஞ்சிக்கீது சொக்கம்மா. கொத்தன வுடாத, நல்லா கேளு."

சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால், வரதன் எதிரிலேயே நின்றுகொண்டு பூமாரியிடம் சொல்வாள். வரதனும் பூமாரி வழியாகத்தான் பதில் சொல்வார். நடுவில் நிற்கிற பூமாரி அங்கன்வாடியில் உதவியாளர். இந்த மாதிரிச் சண்டைகள் அவளுக்குப் பழக்கம்.

கிடங்குத் தெருவின் பெரிய தலைவலி மழைத் தண்ணீர். ஐப்பசி பிறந்தால் முழங்காலளவு நிற்கும், பத்து நாள் நகராது, சாக்கடையும் சேர்ந்துகொள்ளும். தெருவே கலீஜாகிவிடும். ஐம்பது வருஷத்துக்கு முன் மனை பிரித்தபோது, சாலையோரத்தில் நட்ட ஐந்தாம் எண் கல்லிலிருந்து பின்பக்கப் பெரிய வடிகால் வரைக்கும் ஆறடிச் சந்து ஒன்றைத் தண்ணீர் போக விட்டிருந்தார்கள். 'சாலைக்குச் செங்குத்தாக' என்று பத்திரத்திலேயே இருக்கிறது. பத்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது. தரையில் ஆளுக்கொரு கை விழுங்கி, சாலையோரம் கொஞ்சம் போக மிச்சமெல்லாம் வீடுகளாகிவிட்டன. சந்து எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லை, சொல்லத் தெரிந்தவர்களுக்கும் மறதி வந்துவிட்டது.

இந்த வருஷம் அந்த ஆறடிச் சந்தை மீட்டே தீருவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. சித்திரையில் ஒரு பொறியாளர் வந்தார். கல் ஐந்தின் மேல் நின்றுகொண்டு, சாலைக்குச் செங்குத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். வடசென்னையில் இது ஒரு கேள்வியே இல்லை. கடல் கிழக்கு. கடலோரமாகப் போகிற சாலை வடக்கு தெற்கு. ஆகவே சாலைக்குச் செங்குத்து என்றால் கிழக்கு. இதை யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிக்கவில்லை, தாய் வயிற்றிலேயே தெரிந்துகொண்டார்கள். பதினைந்து கைகள் ஒரே திசையில் நீண்டன. அதில் வரதன் கையும் ஒன்று. பொறியாளர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, அச்சுப் பிசகாமல் கிழக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு, அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார்.

ஆனியில் வரைபடத்தின் நகலை ஒட்டினார்கள். கோடு சொக்கம்மாள் வீட்டு நடுக்கூடத்தில் புகுந்து ஆப்ப அடுப்பைத் தாண்டிப் பின்சுவர் வழியாக வெளியே போனது. ஆட்சேபணை இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதித் தர வேண்டும்.

அன்று சாயங்காலம் சொக்கம்மாள் ஒரு நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வரதன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"பூமாரி, ஒன் வூட்டுக்காரரக் கேளு. ஊர்ல இருக்கற கோணலெல்லாம் அவரு கண்ணுக்குத் தெரியுதே, இந்தக் கோடு நேரா கீதான்னு பாக்கச் சொல்லு."

வரதன் நகலை வாங்கித் தரையில் விரித்தார். சாலை ஒரு கோடு, சந்து ஒரு கோடு. இரண்டும் சேர்கிற இடத்தில் மூலைமட்டத்தை வைத்தார். ஒரு புயம் சாலையோடு ஒட்டிக்கொண்டது, மறு புயம் சந்தோடு ஒட்டாமல் விலகி நின்றது. திருப்பி வைத்தார். திரும்பவும் விலகியது. அவருக்குள் பணிமனையில் வருகிற அதே சந்தோஷம் வந்தது. தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம். நேராக்கினால் அந்தக் கோடு எவ்வளவு விலகும், எங்கே போய் விழும் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

"பூமாரி, கேக்குறவங்களாண்ட சொல்லு. கோணல்."

மறுநாள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர் அனிஷா, நாகர்கோவில் பக்கத்துப் பெண். வரதன் நகலின் மேல் மூலைமட்டத்தை வைத்துக் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"சார், இது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். இழுபட்டு இருக்கும். இது மேல மட்டம் வச்சா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஒவ்வொரு கல்லுக்கும் வீட்டு மூலைக்கும் பக்கத்துல ரெண்டு ரெண்டு எண் இருக்கு பாருங்க, கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர்னு. அதை வச்சு, கல் அஞ்சு வழியா சாலைக்குச் செங்குத்தா போற கோட்டோட சமன்பாட்டை எழுதித் தாங்க. அதுதான் ஆட்சேபணை."

"சமன்பாடா?"

"பத்தாங்கிளாஸ் கணக்குதான் சார்."

பத்தாவது கணக்கில் நூறு வாங்கியவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். வரதன் வாங்கியது நாற்பத்தொன்று. இரும்பில் செங்கோணம் என்றால் தூக்கத்திலும் பிடிப்பார். காகிதத்தில் எக்ஸும் ஒய்யும் வந்துவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். ஆனாலும் கோணல் கோணல்தானே, எழுதாமல் விட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து மகள் மகிழினியின் பழைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி உட்கார்ந்தார். சாய்வு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கிழக்கே ஒரு மீட்டர் போவதற்குள் கோடு வடக்கே எத்தனை மீட்டர் ஏறுகிறதோ, அதுதான் சாய்வு. இவ்வளவு சாதாரண விஷயத்தை ஏன் இத்தனை கடினமாக எழுதியிருக்கிறார்கள் என்று புத்தகத்தைத் திட்டினார்.

கல் நான்கு: கிழக்கே 4, வடக்கே 5. கல் ஐந்து: கிழக்கே 8, வடக்கே 17. இரண்டு கல்லுக்கும் நடுவே வடக்கே பன்னிரண்டு மீட்டர் ஏற்றம், கிழக்கே நாலு மீட்டர் நகர்வு. பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று. சாலையின் சாய்வு மூன்று.

எழுதிவிட்டு நிமிர்ந்தார். சாலை நேர் வடக்கே போனால் கிழக்கே நகரவே கூடாதே? இது நாலு மீட்டர் நழுவுகிறதே? கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையே சாய்ந்துதான் கிடந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே சாலையும் சாய்ந்து போயிருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் வடக்கு என்று நினைத்த திசை வடக்கே இல்லை. பூமாரியைக் கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார்.

இனி சந்தின் சாய்வு. சாய்வு மூன்று என்றால் அதற்குச் செங்குத்தான கோட்டுக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. மூன்றில் ஒன்று. கல் ஐந்தின் எண்களைப் போட்டுச் சமன்பாட்டைக் கொண்டுவந்தார்: x − 3y + 43 = 0. சரிபார்க்க x-க்கு 20 கொடுத்தார். y = 21 என்று வந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தார். சொக்கம்மாள் வீட்டுக்கு வடக்கே, வட்டச் செயலாளர் நடத்துகிற படிப்பகம். கோடு கேரம் போர்டின் மேலேயே போனது.

வரதனுக்கு வேர்த்தது. வட்டச் செயலாளரைப் பகைத்துக்கொண்டு கிடங்குத் தெருவில் குடித்தனம் செய்ய முடியாது. அவசரமாகக் கணக்கைப் படம் பிடித்து, வியாசர்பாடியில் வாக்கப்பட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகிழினிக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"நைனா, மைனஸ வுட்டுட்ட. ரெண்டு சாய்வையும் பெருக்கினா மைனஸ் ஒண்ணு வரணும். மூணையும் மூணுல ஒண்ணையும் பெருக்கினா இன்னா வருது?"

"ஒண்ணு."

"அதான். மைனஸ் மூணுல ஒண்ணு போடு. ஆமா, இன்னாத்துக்கு நைனா இந்த வயசுல இந்த வேல?"

மைனஸ் போட்டார். கிழக்கே மூன்று மீட்டர் போனால் தெற்கே ஒரு மீட்டர் இறங்குகிற கோடு. y − 17 = −⅓ (x − 8). மூன்றால் பெருக்கி ஒழுங்குபடுத்தினார்: x + 3y − 59 = 0. கல் ஐந்தைப் போட்டுப் பார்த்தார். எட்டும் ஐம்பத்தொன்றும் ஐம்பத்தொன்பது, கழித்தால் பூஜ்யம். கணக்கு உட்கார்ந்துவிட்டது. படிப்பகம் தப்பியது. சொக்கம்மாள் கூடமும் தப்பியது. அப்படியானால் கோடு எங்கேதான் போகிறது என்று அடுத்தடுத்த வீட்டு மூலைகளின் எண்களைப் போட ஆரம்பித்தார்.

ஒரு மூலை: 14, 15. பதினாலும் நாற்பத்தைந்தும் ஐம்பத்தொன்பது. பூஜ்யம். இன்னொரு மூலை: 26, 11. இருபத்தாறும் முப்பத்து மூன்றும் ஐம்பத்தொன்பது. பூஜ்யம். இரண்டும் ஒரே வீட்டின் எதிரெதிர் மூலைகள். அந்த வீட்டுக்குள்தான் வரதன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு தடவை திரும்பப் போட்டார். பூஜ்யம் பூஜ்யமாகவே வந்தது. எழுந்து போய்க் கல் ஐந்தில் நூலைக் கட்டி, சாலை விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். ஆறு மீட்டர் தாண்டியதும் நூல் சுவரில் முட்டியது. அவர் சுவரும் சொக்கம்மாள் சுவரும் சேர்கிற மூலை.

வீடு போகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரே கூட நின்று, திசைகாட்டி வைத்து, கிழக்கு மேற்காக நூல் பிடித்துக் கட்டிய வீடு அது. சாலைக்குப் பதினெட்டு டிகிரி கோணலாக நிற்கிறது. அடுத்தவள் நிலையில் அரை அங்குலத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை சொக்கம்மாள் தூக்குவாளியில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பூமாரியைத் தாண்டி அவரிடமே கேட்டாள்.

"கணக்கு முடிஞ்சிதாண்ணே?"

"இன்னும் இல்ல சொக்கம்மா."

செவ்வாய்க்கிழமையும் ஆப்பம் வந்தது. புதன்கிழமையும் வந்தது. மூன்று நாளும் அவர் அதே பொய்யைச் சொன்னார். ஓரம் முறுகி நடுவில் பஞ்சாக இருக்கும் நல்ல ஆப்பம். மெல்லாமல் விழுங்கினார். எழுதிக் கொடுக்காவிட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். ஏழு நாள் முடிந்தால் கிழக்குக் கோடு தானாகவே நிலைத்துவிடும். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. அந்தத் தெருவில் இன்னொருவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

புதன்கிழமை பூமாரி விடவில்லை.

"இன்னாய்யா ஒனக்கு? மூணு நாளா மாத்திர முழுங்கற மாதிரி ஆப்பத்த முழுங்கற."

வரதன் காகிதத்தை எடுத்து நீட்டினார். வரைபடத்தில் வீட்டின் குறுக்கே பென்சிலால் போட்டிருந்த கோட்டை விரலால் காட்டினார். பூமாரிக்குச் சமன்பாடு புரியவில்லை, கோடு புரிந்தது.

"சமையக்கட்டு?"

"அந்தாண்ட நிக்கும். கூடம் இந்தாண்ட. நடுவுல ஆறடி சந்து. ரெண்டு பக்கமும் பத்தடிக்கு முப்பதடி முக்கோணம் மிஞ்சும்."

"முக்கோணத்துல எப்படிய்யா கட்டில் போடுவ?"

பூமாரி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கொத்தனார் வராத நாட்களில் அவளேதான் மண் சுமந்தாள்.

"நீயா எழுதாம இருந்துட்டா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"அவ வூடு பூடும்."

"ஆமா."

"அப்பறம் தெனம் காலைல அவ மூஞ்சில முழிக்கணும்." பூமாரி காகிதத்தை மடித்து அவர் பைக்குள் வைத்தாள். "குடுத்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்கிட்ட கொஞ்ச நாளு பேசாத."

ஏழாம் நாள் கடைசி வேளையில் அனிஷா அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தனியாக ஒரு தாளில் தானும் போட்டுப் பார்த்தாள். எங்காவது தப்பு இருக்கிறது என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று வரதன் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலையில் ஒரு தப்பு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தார்.

"கணக்கு சரிதான் சார்," என்று நிமிர்ந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள், மனுவில் இருந்த கதவு எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், இது உங்க வீடு."

"தெரியும் மேடம்."

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வேணும்னா வாபஸ் வாங்கிக்கலாம்."

"கணக்கு சரின்றீங்க. அப்பறம் இன்னாத்துக்கு வாபஸ்?"

அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள். தன் வீட்டையே இடிக்கச் சொல்லி வந்த மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அந்த அலுவலகத்தில் இரண்டு நாள் பேச்சாக இருந்ததாம்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும், "எனக்காக எங்கண்ணன் வூட்டயே வுட்டுக் குடுத்தாரு" என்று சொக்கம்மாள் குழாயடியில் அழுதாள். வரதனுக்குச் சுருக்கென்றது. "ஒனக்காகல்லாம் இல்ல. கோடு அங்கதான் போவுது," என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. ஆவணியில் ஆட்கள் வந்து சிவப்புச் சாயத்தில் குறி போட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது. சந்துக்கு அகலம் ஆறடி அல்லவா, சொக்கம்மாள் வீட்டு முன்மூலையிலும் ஒரு சின்ன முக்கோணம் போகிறது, அவள் மாவுக் குண்டான் வைக்கிற இடம். "ஒரு மொழம் தள்ளிப் போட்டுருக்கக் கூடாதா பூமாரி, இந்த மன்சன் கணக்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆப்பம் நின்றது. பேச்சு பழையபடி பூமாரி வழியாக வரத் தொடங்கியது.

வீட்டை இடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. சுவர் எழுப்பி இரண்டு முக்கோணங்களையும் மூட இரண்டு மாதம் ஆயிற்று. கட்டில் கூடத்து முக்கோணத்தின் அகலமான முனையில் ஒருவாறு நுழைந்தது. பூமாரி சொன்னபடியே அவரோடு பேசவில்லை. சந்தின் அந்தப் பக்கம் சமைப்பாள், தட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைப்பாள், திரும்பிப் போவாள். கட்டிலில் படுத்தால் சுவர் சேர்கிற கூரான மூலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

ஐப்பசி பத்தாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. கிடங்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் கல் ஐந்தில் திரும்பி, சந்துக்குள் முழங்காலளவு ஓடிப் பெரிய வடிகாலில் விழுந்தது. ஜனங்கள் வாசலில் நின்று அதிசயம் பார்த்தார்கள். வட்டச் செயலாளர் நன்றி அறிவித்து ஒரு பதாகை கட்டினார். அதில் அவர் படமும் அவர் தலைவர்கள் படமும் இருந்தன.

மத்தியானம் பூமாரி சமையலறை வாசலில் தட்டோடு வந்து நின்றாள். தாண்ட முடியாது, தண்ணீர் அவ்வளவு வேகம். இந்தப் பக்கம் கூடத்து வாசலில் வரதன் நின்றிருந்தார். நடுவே கட்டில் கிடந்த இடம், தையல் மிஷின் இருந்த இடம், மகிழினி தவழ்ந்த இடம் எல்லாவற்றின் மேலும் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பூமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தாள்.

"இருவத்திரெண்டு வருஷமா மழ பேஞ்சா தண்ணி நம்ம வூட்டுக்குள்ளதான் வந்துனு இருந்துச்சு. இத்தினி கணக்கு போட்டியே, இப்பவும் நம்ம வூட்டுக்குள்ளதான்யா வருது."

"அப்ப நின்னுச்சு," என்றார் வரதன். "இப்ப போவுது."

பூமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், சிரிப்பு அடங்குவதற்குள் அழத் தொடங்கினாள். இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். வரதன் "பூமாரி, பூமாரி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரை ஒரு கையால் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார்.